வாகை மரத்தடிக் கொம்பியூட்டர்

கொம்பியூட்டர் என்றால் மின்சாரத்தில் ஓடுவது என்றுதான் உலகம் நினைத்துக்கொண்டிருக்கிறது. எங்களுடையது கச்சானில் ஓடியது. பல்கலைக்கழகக் கம்பஸ் வாகை மரத்துக்குக் கீழே காலை மடித்துச் சப்பாணி கட்டிக்கொண்டு இருந்து, மடியில் பழைய கலண்டர் தாளைப் பின்பக்கம் திருப்பி வைத்து, ஒரு கையில் பென்சிலும் மறு கையில் கச்சான் கடலையுமாக அது ஓடும். இரட்டைப் பின்னல், முகத்துக்குப் பெரிதான கண்ணாடி, ஒல்லி உடம்பு. என்னோடு சேர்ந்து கடைசி வருடப் புறொஜெக்ற் செய்தவளைத்தான் சொல்கிறேன். பெயர் வேண்டாம். தொண்ணூற்றைந்து இடப்பெயர்வில் ஆளை ஆள் தொலைத்தோம். இப்போது எங்கேயாவது இருந்து இதை வாசித்தால், "நான் அப்பிடிச் சொல்லேல்லை, இப்பிடித்தான் சொன்னனான்" என்று திருத்தம் எழுதி அனுப்புவாள். அனுப்பட்டும், விலாசமாவது கிடைக்கும்.

அப்போது போரால் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. எங்கள் துறையில் இரண்டு கணினிகள், ஒரு ஜெனறேற்றர். மண்ணெண்ணெய் கிடைக்கிற கிழமைகளில் மட்டும் சோடிக்கு நாற்பது நிமிடம் தருவார்கள். அதற்குள் தட்டச்சும் செய்து, பிழையும் தேடி, திருத்தவும் வேண்டுமென்றால் நடக்கிற காரியமா? அதனால் எல்லோரும் முதலில் தாளில் ஓட்டிப் பார்ப்போம். ஒருவர் எழுதிய புறோகிறாமை இன்னொருவர் வரி வரியாக வாசித்து, கணினி செய்ய வேண்டியதைத் தானே பென்சிலால் செய்து பார்ப்பது. சுலபம் போலத் தெரியும். ஆனால் எல்லோரும் தங்களை அறியாமல் ஏமாற்றினார்கள். தாளில் இருப்பதை விட்டுவிட்டு, எழுதியவர் எழுத நினைத்ததை வாசித்தார்கள். பிழையைக் கண் தானாகவே திருத்திக்கொண்டு போய்விடும்.

அவளுக்கு மட்டும் அந்தக் குறை இருக்கவில்லை. ஓட்டத் தொடங்குமுன் கையில் கட்டியிருந்த மணிக்கூட்டைக் கழற்றிப் பைக்குள் போடுவாள். "இப்ப நான் மெசின்" என்பாள். அதற்குப் பிறகு அவளோடு கதைத்துப் பிரயோசனம் இல்லை.

"எடி, அந்த இடத்திலை நான் என்ன நினைச்சனான் எண்டா..."

"மெசினுக்கு உன்ரை நினைப்புத் தெரியாது. எழுதியிருக்கிறதைச் சொல்லு."

எங்கள் வகுப்பில் பாதிப்பேர் தங்கள் புறோகிறாமைத் தூக்கிக்கொண்டு அவளிடம்தான் வந்தார்கள். ஒரு சுருள் கச்சான் கொடுத்தால் ஓட்டித் தருவாள். பிழை கண்டால் முகத்தில் ஒரு மாற்றமும் இருக்காது. "இருபத்திரண்டாவது வரியிலை விழுந்து கிடக்கிறன்" என்பாள், அவ்வளவுதான். கெட்டிக்காரப் பெடியன்கள் அவளோடு மல்லுக்கட்டி, அரைமணி நேரம் கழித்துத் தலையைச் சொறிந்துகொண்டு போனதை எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன்.

மணிக்கூடு கையில் இருக்கும்போது மட்டும் ஆள் வேறா என்றால், அதுதான் இல்லை. பெண்கள் விடுதியில் ஒருநாள் அறிவித்தல் ஒட்டினார்கள்: மாணவிகள் அனைவரும் ஆறு மணிக்குள் விடுதிக்குத் திரும்ப வேண்டும். இவள் என்னோடு ஒரு சிநேகிதியைப் பார்க்க வந்தவள், அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு விடுதிப் பொறுப்பாளரிடம் போய், "மிஸ், அண்டைக்கு வெளிக்கிடாமல் உள்ளுக்கை இருக்கிற ஆக்கள் எப்பிடித் திரும்புறது?" என்று கேட்டாள். நளினம் செய்கிறாள், தன்னைக் கேலி பண்ணுகிறாள் என்று அந்த மனிசி கொதித்துப் போனார். சத்தியமாக அவள் நளினம் செய்யவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினாள். அதை யாருக்குச் சொல்லி விளங்கவைப்பது?

எங்கள் வகுப்புப் பெடியன் ஒருவன் அவளுக்கு நாலு பக்கத்தில் ஒரு கடிதம் கொடுத்தான். நிலவு, கடல், உறக்கமின்மை எல்லாம் இருந்தன. கடைசி வரி, 'இதற்கு மேல் நான் சொல்லத் தேவையில்லை, உமக்கு விளங்கும்.' அவள் அந்த வரிக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் 'என்ன விளங்கும் என்று எழுதப்படவில்லை' என்று குறித்துத் திருப்பிக் கொடுத்தாள். பாவம் அவன், ஒரு மாதம் கம்பஸ் பக்கம் தலை காட்டவில்லை. பிறகு வந்து தன் புறொஜெக்றை அவளிடமே ஓட்டிப் பார்க்கக் கொடுத்தான் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இந்தப் பெண்ணின் மூளை எப்படி வேலை செய்கிறது என்று அறிகிற ஆசையில்தான் நான் அவளைச் சோடியாகப் பிடித்தேன். அதன் விலை என்ன என்று அப்போது எனக்குத் தெரியாது.

எங்கள் புறொஜெக்ற் என் வீட்டிலிருந்துதான் வந்தது. உரும்பிராயில் எங்கள் தோட்டக் கிணறு பங்குக் கிணறு. மூன்று வீட்டார், எட்டுப் பங்கு. எட்டு நாளுக்கு ஒரு சுற்று, ஒரு பங்குக்கு ஒரு நாள். தன் முறை வந்த நாளில் அவரவர் பம்ப் பூட்டித் தங்கள் வெங்காயத்துக்கோ புகையிலைக்கோ இறைத்துக்கொள்ள வேண்டும். மண்ணெண்ணெய் மருந்து போலக் கிடைத்த காலம். யார் எந்த நாள் இறைப்பது, அந்த நாளுக்கு எவ்வளவு எண்ணெய் தேவை என்று பட்டியல் போட்டுத் தரும் புறோகிறாம் எழுதுவோம் என்றேன். எங்களை மேற்பார்த்த சேருக்குச் சரியான புளுகம், முகமெல்லாம் சந்தோசம். உண்மையான கிணறு, உண்மையான விபரம், விடவே கூடாது என்றார்.

விபரத்தை அப்பாவிடம் கேட்டேன். "எங்கடை வீடு ரெண்டு, பரமலிங்கத்தார் மூண்டு, கந்தையர் ரெண்டு" என்றார். அப்படியே எழுதிக்கொண்டேன். எட்டுப் பங்குக் கிணறு என்பது நான் பால்குடி மறக்குமுன் கேட்ட சங்கதி. அதைப் போய் யாராவது கூட்டிப் பார்ப்பார்களா? புறோகிறாமில் மிச்சம் எட்டு என்று தொடங்கினேன். ஒவ்வொரு வீட்டுக்கும் அவரவர் பங்கைக் கொடு, மிச்சத்தில் கழி, மிச்சம் பூச்சியம் வந்தால் நிறுத்து, வராவிட்டால் முதல் வீட்டிலிருந்து திரும்பத் தொடங்கு. வடிவாக எழுதியிருப்பதாக எனக்குள் ஒரு பெருமை.

ஒருநாள் காலையில் அதை அவளிடம் கொடுத்துவிட்டு, கூட்டுறவுச் சங்கக் கடையில் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நிற்கப் போனேன். திரும்பி வர மத்தியானம் தாண்டிவிட்டது. அவள் அதே மரத்தடியில், அதே இருப்பில் இருந்தாள். பக்கத்தில் ஐந்து கலண்டர் தாள்கள் நிரம்பிக் கிடந்தன. விரல் நுனியெல்லாம் கரி.

"முடிஞ்சுதோடி?"

பென்சில் ஓடிக்கொண்டிருந்தது. குனிந்து பார்த்தேன். மிச்சம் என்ற இடத்தில் மைனஸ் நானூற்றுப் பன்னிரண்டு என்று எழுதியிருந்தாள்.

"எடி விசரி! நிப்பாட்டடி!"

அந்த வரியை முடித்தாள். பைக்குள்ளிருந்து மணிக்கூட்டை எடுத்துக் கட்டினாள். பிறகுதான் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நிப்பாட்டச் சொல்லி நீ எழுதேல்லை."

"பூச்சியத்துக்குக் கீழை போனா நிக்கவேணும் எண்டு சின்னப் பிள்ளைக்கும் தெரியுமே!"

"பூச்சியம் வந்தா நில் எண்டுதான் எழுதியிருக்கிறாய். பூச்சியம் வரேல்லை. ஒண்டு வந்தது, அதுக்குப் பேந்து மைனஸ் ஒண்டு வந்தது. பூச்சியத்தைத் தாண்டிப் போட்டுது. நான் போய்க்கொண்டே இருந்தனான்."

நான் கொண்டுவந்த பேக்கரிப் பாணையும் சம்பலையும் ஒரு துண்டு மிச்சம் வைக்காமல் தின்றாள். அவ்வளவு பசி. காலையிலிருந்து பசியோடு இருந்து அறுபது சுற்றுச் சுற்றியிருக்கிறாள், கோதாரி! எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் பயமும் வந்தது. கையைத் துடைத்துக்கொண்டு அவள் மற்றதைக் கேட்டாள்.

"கூட்டிப் பாத்தனீயே? ரெண்டும் மூண்டும் ரெண்டும் ஏழு. மற்ற ஒண்டு ஆற்றை?"

அன்று பின்னேரமே இரண்டு பேரும் சைக்கிளில் உரும்பிராய்க்குப் போனோம். அப்பா வெங்காயத் தறையில் புல்லுப் பிடுங்கிக்கொண்டு நின்றார். நான் மெல்ல விசாரிக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருக்க, அவள் வரம்பில் நின்றபடியே கேட்டுவிட்டாள்.

"ஐயா, எட்டுப் பங்குக் கிணறு எண்டு சொன்னனீங்களாம். ஏழுதான் வருது. எட்டாவது ஆற்றை?"

அப்பா இன்னும் இரண்டு புல்லைப் பிடுங்கி எறிந்தார். பிறகு, "அதை எழுதத் தேவையில்லைப் பிள்ளை" என்றார்.

"ஏன் ஐயா?"

"தேவையில்லை எண்டாத் தேவையில்லை. வீட்டை போய்த் தேத்தண்ணி குடியுங்கோ."

அம்மாதான் குசினிக்குள் வைத்து, குரலை இறக்கிச் சொன்னா. எட்டாவது பங்கு சறோ மாமியுடையது. அப்பாவின் ஒரே தங்கச்சி. எங்கள் அப்பப்பா மகளுடைய பெயரில் உறுதி எழுதிக் கொடுத்த பங்கு. நான் தவழுகிற காலத்தில், வீட்டார் ஒப்புக்கொள்ளாத ஒருவரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு மாமி தென்மராட்சிக்குப் போய்விட்டா. அதற்குப் பிறகு அந்தப் பெயரை எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. எட்டாம் நாளும் அப்பாதான் இறைத்து வந்தார். நானும் அறிவு தெரிந்த நாளிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

யோசித்துப் பாருங்கள். 'எங்கடை வீடு மூண்டு' என்று அப்பா ஒரு சொல் சொல்லியிருந்தால் என் புறோகிறாம் பூச்சியத்தில் சமர்த்தாக நின்றிருக்கும். அவருக்கு அந்தப் பொய்யைச் சொல்ல வாய் வரவில்லை. தங்கச்சியின் பெயரைச் சொல்லவும் வாய் வரவில்லை. ஏழோடு நிறுத்திவிட்டார்.

எனக்கோ நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. வெளியிலிருந்து வரும் பரீட்சகர் கிளாலிக் கடலால் வள்ளத்தில் வருகிறார், இரண்டு நாள்தான் நிற்பார் என்று அறிவித்துவிட்டார்கள். அவர் முன்னால் புறோகிறாம் ஓடாவிட்டால் பட்டம் இல்லை. அவர் திரும்ப எப்போது வருவார் என்று கடவுளுக்குத்தான் தெரியும். நாலு வருடப் படிப்பு இழுபட்டு ஏழாவது வருடத்தில் நின்றது, அம்மா என் வயதை விரலில் எண்ணிக்கொண்டிருந்தா. புறோகிறாமில் எங்கள் வீட்டுக்கு நேரே இருந்த இரண்டை அழித்து மூன்று என்று எழுதினேன்.

அவள் மணிக்கூட்டைக் கழற்றிவிட்டு ஓட்டினாள். "நிக்குது" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பரீட்சை நாளில் எண்ணெய் பற்றாமல் நாற்பது நிமிடம் இருபதாகக் குறைந்தது. எங்கள் முறை வந்தது. புறோகிறாம் ஓடியது, நின்றது, பிரிண்டர் கிறீச்சிட்டுப் பட்டியலைத் தந்தது. பரீட்சகர் ஏழெட்டுக் கேள்வி கேட்டார், எல்லாவற்றுக்கும் நான் பதில் சொன்னேன். தப்பினோம் என்று மூச்சு விட்டேன். எழும்பப்போன மனிசன் அவளைப் பார்த்து, "நீர் சொல்லும், இதிலை ஏதும் பிழை இருக்கோ?" என்றார். சம்பிரதாயத்துக்குக் கேட்கிற கேள்வி. இல்லை சேர், இன்னும் விருத்தி செய்யலாம் சேர் என்று சொல்லிவிட்டு வரவேண்டிய கேள்வி.

"புறோகிறாமிலை இல்லை சேர். குடுத்த விபரத்திலை ஒரு பிழை இருக்கு."

நான் அவளுடைய காலை மிதித்தேன்.

"என்ன பிழை?"

"எட்டிலை ஒரு பங்கு இவவின்ரை மாமியின்ரை. இவவின்ரை அப்பாவிலை சேத்துப் போட்டிருக்கு."

எங்கள் சேரின் முகம் கறுத்துப் போயிற்று. பரீட்சகர் என்னைப் பார்த்தார். "அப்பிடியோ?"

அந்த நிமிடத்தில் அவளைக் கொன்றிருப்பேன். இல்லை என்று சொல்ல நாக்கு எழும்பவில்லை. "ஓம் சேர். வீட்டிலை அவவின்ரை பேர் சொல்லுறேல்லை சேர்" என்று சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. மேசையைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதேன்.

பரீட்சகர் ஜெனறேற்றர்காரரிடம் திரும்பினார். "இன்னும் எவ்வளவு நேரம் ஓடும்?"

"எட்டு நிமிசம் சேர். பத்து எண்டா நான் பொறுப்பில்லை."

"மாத்தி ஓட்டும் பிள்ளை" என்றார் என்னிடம்.

அவள் பக்கத்தில் நின்று ஒவ்வொரு வரியாகச் சொல்ல, நான் தட்டினேன். எங்கள் வீடு இரண்டு. நாலாவது பெயர், சறோசினி, ஒன்று. ஓட்டப்போன என் கையை அவள் பிடித்தாள். "வீடு மூண்டு எண்டு மேலை கிடக்கு. நாலாக்கு. இல்லாட்டி மாமியைத் தொடாமல் திரும்பிப் போயிடும்." நாலாக்கினேன். நின்றது. பூச்சியத்தில் நின்றது. பிரிண்டர் கடைசி வரியை அடித்து முடிக்கவும் ஜெனறேற்றர் இருமி அடங்கவும் சரியாக இருந்தது. பரீட்சகர் அரை இருட்டில் தாளைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து வாசித்தார். "எட்டாம் நாள், சறோசினி. இப்ப சரி" என்று கையெழுத்து வைத்தார். நாங்கள் பாஸ்.

பாஸ் ஆகியும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. மரத்தடிக்கு இழுத்துக்கொண்டு போய்ப் பிடித்தேன்.

"ஏன்டி சொன்னனீ? அண்டைக்கு மரத்தடியிலை வாயைப் பொத்திக்கொண்டுதானே இருந்தனீ!"

"அண்டைக்கு நான் மெசின். இண்டைக்கு என்னையெல்லே கேட்டவர்."

"உனக்கென்ன, உன்ரை மாமியோ? உன்ரை கிணறோ?"

அவள் கொஞ்ச நேரம் கச்சான் கோதை நசுக்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய வீடு காங்கேசன்துறை. தகப்பன் அங்கே சீமெந்துத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். மூன்று வருடத்துக்கு முன் உடுத்த உடுப்போடு ஓடிவந்து, கோப்பாயில் ஒரு சொந்தக்காரர் வீட்டு விறாந்தையில் ஐந்து பேராக இருந்தார்கள். ஊர் இராணுவத்தின் கையில் இருந்ததால் திரும்பிப் போக யாருக்கும் அனுமதி இல்லை.

"எங்கடை கிணறும் அங்கை கிடக்கு. போகேலாது, அள்ளேலாது. ஆரும் அங்கையிருந்து ஒரு பட்டியல் எழுதினா எங்கடை பேரை எழுதுவினமோ எண்டு நான் யோசிக்கிறனான். நீ மூண்டு எண்டு எழுதின நாளிலையிருந்து யோசிக்கிறன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. மன்னிப்புக் கேட்டேனா என்று ஞாபகம் இல்லை. கேட்டிருந்தால், எதற்கு என்று விபரமாகச் சொல்லச் சொல்லியிருப்பாள்.

அந்தப் பட்டியலை வீட்டில் அப்பாவின் கண்ணில் படும்படி மேசையில் வைத்தேன். அவர் வாசித்தார், மடித்துச் சேட்டுப் பையில் வைத்தார். அடுத்த எட்டாம் நாள் வந்தது. அப்பா பம்பைத் தொடவில்லை. விறாந்தையில் சாய்ந்தபடி வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெங்காயம் குமிழ் வைக்கிற பருவம், இலை துவண்டு கிடந்தது. அம்மா முணுமுணுத்தா. எனக்கோ நெஞ்சு நிறைந்துவிட்டது. மறுநாளே ஓடிப்போய் அவளிடம் சொன்னேன். சந்தோசப்படுவாள் என்று பார்த்தால், நெற்றியைச் சுருக்கினாள்.

"அப்ப மாமி வந்து இறைச்சவவோ?"

"அவவுக்கு ஒண்டும் தெரியாதே."

"ஒருத்தரும் இறைக்கேல்லை, மாமிக்கும் தெரியாது, வெங்காயம் காயுது. உது என்ன தீர்வு? தாளை எடுத்துக்கொண்டு வா."

அப்பாவின் சேட்டுப் பையிலிருந்து தாளைக் களவெடுத்துக்கொண்டு வந்தேன். அம்மாவிடம் விலாசம் கேட்டுக்கொண்டு, கைதடி தாண்டி, தென்மராட்சியில் சாவகச்சேரி மட்டும் எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்தோம். நினைவு தெரிய முதல் தரம் மாமியைப் பார்த்தேன். அப்பாவின் மூக்கு அப்படியே இருந்தது. நான் யாரென்று சொன்னதும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டா. தாளைக் கொடுத்தேன். எட்டாம் வரியில் தன் பெயரை விரலால் தடவினா.

"எங்கடை அப்பா எழுதிவச்ச பங்கு" என்றா. "அண்ணை இதைப் பாத்தவரோ?"

"பாத்தவர் மாமி. இந்த முறை அவர் இறைக்கேல்லை. உங்கடை முறையெண்டு விட்டிட்டார். வெங்காயம் வாடுது."

மாமி அழவும் செய்தா, சிரிக்கவும் செய்தா. "விசர் மனிசன். நான் தண்ணியைத் தலையிலை வச்சே இஞ்சை கொண்டு வாறது? அண்ணையே இறைக்கட்டும். ஆனா என்ரை முறையெண்டு சொல்லி இறைக்கட்டும்."

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்திலிருந்து பென்சில் ஒன்று நீண்டது.

"அதை இதிலை எழுதித் தாங்கோ மாமி" என்றாள் அவள். "வாயாலை சொன்னா இவள் போய் வேறை மாதிரிச் சொல்லுவாள்."

மாமி எட்டாம் வரிக்குக் கீழே தான் சொன்னதை அப்படியே எழுதி, 'சறோ' என்று கையெழுத்தும் வைத்தா. அன்றிரவு அப்பா அந்த எழுத்தைப் பார்த்தார். எத்தனை தரம் வாசித்தார் என்று நான் எண்ணவில்லை. தாளைத் திருப்பித் தரவும் இல்லை.

அடுத்த எட்டாம் நாள் விடிய வெள்ளென பம்ப் சத்தம் கேட்டு எழும்பினேன். அப்பா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறிக்கொண்டு நின்றார். வேலிக்கு அந்தப் பக்கம் கந்தையர். ஊருக்கெல்லாம் தெரிந்த கதை அவருக்குத் தெரியாமல் இருக்குமா?

"என்ன, இண்டைக்கு ஆற்றை முறை?" என்று வேண்டுமென்றே கேட்டார்.

அப்பா மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்தார். பம்ப் சத்தத்துக்கு மேலால், நாலு தறைக்குக் கேட்கச் சொன்னார்.

"என்ரை தங்கச்சியின்ரை."